ஒரே கை எழுதிய மனுக்கள்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ராஜகனி மனு இல்லாமல் வந்தாள். குறைதீர்க்கும் நாளன்று ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு இல்லாமல் வருகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று டீ கொண்டுவருகிறவர், இன்னொன்று சண்டைக்கு வருகிறவர். ராஜகனியின் கையில் டீ இல்லை. அதைப் பார்த்ததும் சுபாஷிணி திரையில் திறந்திருந்த பட்டியலை அவசரமாக மூடினாள்.

மூடியதற்குக் காரணம் இருந்தது. அதை அவள் வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து யாரிடமும் சொல்லாமல் மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் சரிப்படும். வைப்பாறு மாவட்டத்தில் மனுக்கள் எல்லாம் மின்னஞ்சலில் வர ஆரம்பித்துப் பல வருடமாகிவிட்டது. ஒரே முகவரி, ஊருக்கெல்லாம் தெரிந்த முகவரி. பஸ்ஸின் பின்பக்கத்தில்கூட எழுதியிருந்தார்கள். இயந்திரங்கள் மனு எழுதக் கற்றுக்கொள்ளும்வரை அதில் ஒரு தொந்தரவும் இல்லை. கற்றுக்கொண்ட பிறகு, ஒரு கல்குவாரியின் மேல் நாலு பேர் உண்மையாகப் புகார் கொடுத்தால், அந்த நாலையும் மூழ்கடிக்க நாற்பதாயிரம் பொய் மனுக்கள் வந்து விழுந்தன. இல்லாத ஊரில், இல்லாத தெருவில், பிறக்கவே பிறக்காத மனிதர்கள் தண்ணீர் வரவில்லை என்று கண்ணீர் விட்டார்கள். ஒரு சமயம் ஒரே நாளில் இரண்டு லட்சம் வந்தது. மாவட்டத்தின் மொத்த ஜனத்தொகையே ஒன்பது லட்சம்தான்.

அப்போது நடந்த கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று துணை ஆட்சியர் பெருமாள்சாமியுடையது. வருவாய்த் துறையில் முப்பது வருடம் தேய்ந்த மனிதர்.

"முகவரிய வாசல்ல எழுதித் தொங்கவிட்டா வர்றவன் போறவனெல்லாம் குப்பையக் கொட்டத்தான் செய்வான். மறைச்சிருவோம். ஆளுக்கு ஒரு தனி முகவரி. கிராம அலுவலகத்துக்கு நேர்ல வந்து, கைரேகை வச்சு வாங்கிக்கிடட்டும். அவுக மனு மட்டுந்தான் அதுல வரும். அடுத்தவன் கையில கெடச்சாலும் அவனுக்குப் பிரயோஜனப்படாது."

இன்னொரு யோசனை சுபாஷிணியுடையது. அவள் மாவட்டத் தகவல் பிரிவின் பொறியாளர். வயது அப்போது முப்பத்திரண்டு. நியாயம் பேசும்போது குரல் தானாக உயர்ந்துவிடும்.

"நேர்ல வர முடியாதவங்க என்ன சார் செய்வாங்க? நடக்க முடியாத ஒருத்தர் முகவரி வாங்க எப்படி வருவார்? அரசாங்கத்தோட முகவரிய ஜனங்ககிட்டயே மறைக்கிறது என்ன நியாயம்? கதவு திறந்தே இருக்கட்டும். வாசல்ல ஒரு சல்லடை வைப்போம். வர்றதை எல்லாம் அது படிச்சுப் பாத்துக் குப்பையை மட்டும் தள்ளிரும்."

"நல்ல மனுவத் தள்ளிட்டா?"

"சந்தேகம் வந்தா அதுவே நம்மகிட்டக் கேக்கும் சார்."

"சரிம்மா. தள்ளுப்பட்டது மனு கொடுத்தவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியக்கூடாது சார். தெரிஞ்சா, குப்பை அனுப்புறவன் மாத்தி எழுதி அனுப்புவான். அதனால எல்லா மனுவுக்கும் ஒரே பதில் போகும். 'தங்கள் மனு பெறப்பட்டது. பரிசீலனையில் உள்ளது.'"

அவளுடைய சாமர்த்தியத்துக்கு அறையே தலையாட்டியது. ஆட்சியரும் ஆட்டினார். பெருமாள்சாமி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுவருடம் அவர் ஓய்வு பெற்றார். சல்லடை மூன்று வருடம் ஓடியது. தினம் லட்சக்கணக்கில் குப்பையைத் தள்ளியது. ஒருவரும் குறை சொல்லவில்லை. அரசாங்கம் மூன்று வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்தால், நம் ஜனங்கள் இயந்திரத்தில் கோளாறு என்று சந்தேகப்படுவதில்லை. அரசாங்கம் வழக்கம்போல நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

சல்லடையை மாநிலம் முழுவதுக்கும் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று போன மாதம் உத்தரவு வந்தது. வருகிற வியாழக்கிழமை மாற்றம். அன்றைக்குப் பழைய குப்பை முழுவதும் அழிந்துவிடும். அதற்கு முன்னால் சுபாஷிணி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். 'தள்ளப்பட்ட மனுக்களில் நூறை வாசித்துப் பார்த்தேன், சரியாக உள்ளன' என்று படிவம் சொன்னது. இந்த மாதிரிப் படிவங்களில் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் மரபு. வெள்ளிக்கிழமை மத்தியானம் விரல் தவறிப் பட்டியல் திறந்துகொண்டது. திறந்ததை மூடுவதற்குள் கண் ஒரு மனுவைப் படித்துவிட்டது.

'ஐயா, கும்பிடுகிறேன். இந்த மனு தங்கள் கைக்கு வந்த நேரம் தங்களுக்கும் நல்ல நேரமாக இருக்கட்டும். என் வீட்டுக்காரர் சீனிச்சாமிக்கு இரண்டு காலும் விளங்காது. மூன்று சக்கர வண்டி ஒன்று கொடுத்து உதவும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, பூரணம்.'

பூரணத்தின் பெயரில் எட்டு மனுக்கள் இருந்தன. எட்டும் அதே கும்பிடோடு ஆரம்பித்தன. எட்டாவது இப்படி இருந்தது: 'என் வீட்டுக்காரர் சென்ற மாதம் தவறிவிட்டார். அவர் பேரில் வண்டி வந்திருந்தால், காத்திருக்கும் வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

அதற்கும் பதில் போயிருந்தது. தங்கள் மனு பெறப்பட்டது. பரிசீலனையில் உள்ளது.

நடக்க முடியாத ஒருத்தர் எப்படி வருவார் என்று கூட்டத்தில் கேட்டது அவளேதான். சுபாஷிணி அந்தக் கும்பிடு வாக்கியத்தைத் தேடச் சொன்னாள். நாலாயிரத்து முன்னூற்றுப் பதினாறு மனுக்கள் வந்து நின்றன. பட்டா, முதியோர் பணம், பள்ளிக்கூடத்துச் சுவர், காணாமல் போன மகன். எல்லாம் குப்பைக்குள் இருந்தன. இன்னும் தோண்டியதில் மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு கேள்வி அகப்பட்டது. சல்லடை ஓட ஆரம்பித்து ஒன்பதாவது நாள் அவளிடம் கேட்டிருந்தது: 'ஒரே வாக்கியத்தில் தொடங்கும் 112 மனுக்கள் வந்துள்ளன. ஒரே கை எழுதியது போல் உள்ளது. இந்தக் கையைத் தள்ளவா?'

கீழே பதில் இருந்தது. தள்ளு. சுபாஷிணி. மத்தியானம் ஒன்று ஐம்பத்திரண்டு.

அன்றைக்கு என்ன அவசரம் என்று யோசித்தாள். பசியா, தலைவலியா, போன் வந்ததா, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தெரிந்து செய்த தப்பாக இருந்தாலாவது நினைவிருக்கும். போகிற போக்கில் ஈ ஓட்டுவதுபோலச் செய்த காரியம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது. அதுதான் அவளுக்கு ஆறவேயில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் ஒன்றும் செய்யவில்லை. வியாழன்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் தானாக அழிந்துவிடும் என்ற நினைப்பு அவ்வப்போது எட்டிப் பார்த்தது. விரட்டினாள். ஆனால் விரட்டின வேகம் போதவில்லை என்பது அவளுக்கே தெரியும்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரிதான் இப்போது எதிரில் நிற்கிறாள்.

ராஜகனிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அலுவலகத்தின் சைக்கிள் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குடையும் மடியில் ஒரு பலகைக் கணினியுமாக உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவள். இந்தக் காலத்தில் யாரும் தானே பேசி மனு அனுப்பலாம். இருந்தாலும், ஆட்சியரிடம் எப்படிப் பேசுவது என்று கூசுகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அதிலும் ராஜகனிக்குக் கைராசி உண்டு என்று ஊர் பூராவும் பேச்சு. அந்தக் கும்பிடு வாக்கியத்தில்தான் ராசி இருக்கிறது, அது இல்லாமல் எழுதினால் மனு பலிக்காது என்று கேட்டு எழுதி வாங்கிப் போவார்கள். எவ்வளவு பேர் அவளை நம்பி வந்தார்களோ, அவ்வளவுக்கு அவளுடைய மனுக்கள் இயந்திரம் எழுதியதுபோல ஆகிவிட்டன.

"உக்காருங்க அக்கா" என்றாள் சுபாஷிணி.

ராஜகனி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "ஒரே ஒரு வெவரம் கேக்க வந்தேன் மேடம். எங் கையால எழுதுன மனுவுல ஏதாச்சும் ஒண்ணு, இந்த மூணு வருசத்துல பலிச்சிருக்கானு பாத்துச் சொல்லுங்க. பலிக்கலைனா இன்னைக்கோட நிறுத்திருவேன். சனங்கள ஏமாத்தப்பிடாதுல்ல."

"ஏன் திடீர்னு?"

"திடீர்னு இல்ல. மூணு வருசமா ஒண்ணும் நடக்கல. மொத வருசம் காத்திருந்தோம். ரெண்டாம் வருசம் நினைவூட்டு எழுதுனோம். ராசி கொறஞ்சிருச்சோனு கும்பிட்ட முன்னால ஒரு தடவ, பின்னால ஒரு தடவ போட்டுப் பாத்தேன்."

சுபாஷிணி கண்ணை மூடித் திறந்தாள். அந்த இரண்டாவது கும்பிடைச் சல்லடை எவ்வளவு சந்தோஷமாகப் பிடித்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"எங் கைராசி போயிருச்சு மேடம். போன காரணமும் எனக்குத் தெரியும்."

"என்ன காரணம்?"

"நான் ஒரு பொய் மனு எழுதுனேன்."

சுபாஷிணி எதிர்பார்த்தது இதுவல்ல.

"எங்க கொழுந்தனுக்கும் அவுக ஊரு வி.ஏ.ஓ.வுக்கும் ஆகாது. அந்த ஆளு குடிச்சிட்டு வேலைக்கு வாராருனு எழுதித் தரச் சொல்லி ஒத்தக் கால்ல நின்னாரு. அந்த மனுசன் டீயக்கூட அளந்து குடிக்கிறவரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சே எழுதுனேன். சொந்தக்காரன் மொகத்த முறிக்க முடியல. கும்பிடு வச்சு, நல்ல நேரமா இருக்கட்டும்னு போட்டு, அந்தப் பொய்ய அனுப்புனேன் மேடம். பதினஞ்சே நாளு. அந்த ஆள மாத்திட்டாக, மாவட்டத்தோட அந்தக் கோடிக்கு."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவரு போன மூணாம் நாளு பொஞ்சாதிக்கு வலி எடுத்திருச்சு. வீட்டுல ஆம்பள இல்ல. வண்டி பிடிச்சுப் போறதுக்குள்ள நேரமாயிருச்சு. பிள்ள தங்கல. அன்னையிலருந்து எங் கை எழுதுன எதுவும் பலிக்கல. பலிக்காதுல்ல மேடம், எப்பிடிப் பலிக்கும்? அந்தப் பிள்ளதான் மறிக்குது."

சுபாஷிணி கணினியின் பக்கம் திரும்பினாள். திரும்பியது தேடுவதற்காக அல்ல, முகத்தை மறைப்பதற்காக. ஆனாலும் விரல்கள் தேடின. அந்த ஊரின் பெயரைப் போட்டதும் மனு வந்து நின்றது. தேதி, சல்லடைக்கு 'தள்ளு' என்று சொன்னதற்கு மூன்று நாள் பிந்தியது. யாரும் திறக்கவில்லை. பிறந்த அன்றே குப்பைக்குப் போயிருந்தது. அந்த வி.ஏ.ஓ.வின் மாறுதல் உத்தரவையும் பார்த்தாள். பொது மாறுதல், ஒரே தாளில் நாற்பத்து மூன்று பேர். அதில் அவர் பத்தொன்பதாவது. அந்தப் பட்டியல் மனுவுக்கு ஒரு மாதம் முன்னாலேயே தயாராகியிருந்தது.

இதைச் சொன்னால் மூன்று வருடமாக ஒரு பெண் தூக்கிச் சுமக்கும் பிள்ளையை இறக்கி வைத்துவிடலாம். ஆனால் இதை மட்டும் தனியாகச் சொல்ல வழியில்லை. மனு வந்து சேரவில்லை என்றால், ஏன் சேரவில்லை என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி வரும். நூலின் நுனியைப் பிடித்துக் கொடுத்துவிட்டு உருண்டையைப் பெட்டிக்குள் பூட்ட முடியாது. வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள்தான். 'ராசியெல்லாம் ஒண்ணுமில்ல அக்கா, போய் வாங்க' என்று சொல்லி அனுப்பினால் போய்விடுவாள். கும்பிட்டுவிட்டுக்கூடப் போவாள்.

அந்தக் கும்பிடைத்தான் சுபாஷிணியால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அந்த மனு இங்க வந்து சேரவே இல்ல" என்றாள். "அந்த மாறுதலுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்ல. அது ஏற்கெனவே போட்ட பட்டியல். இங்க பாருங்க, தேதி இருக்கு."

ராஜகனி திரையைப் பார்த்தாள். பத்தொன்பதாவது பெயரை விரலால் தொட்டாள். ஒரு தரம் இல்லை, மூன்று தரம் வாசித்தாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். தோள்கள் மட்டும் குலுங்கின. சுபாஷிணி தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் கேள்வி வந்தது.

"ஏன் வந்து சேரல?"

சுபாஷிணி எல்லாவற்றையும் சொன்னாள். பெருமாள்சாமி சொன்ன மறை முகவரி, சல்லடை, ஒரே கை என்ற கேள்வி, ஒன்று ஐம்பத்திரண்டுக்குத் தான் அழுத்தியது, எல்லாருக்கும் போகிற ஒரே பதில், வியாழக்கிழமை அழிவது வரைக்கும் சொன்னாள். சொல்லும்போது 'சிஸ்டம்' என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். 'நான்' என்றே சொன்னாள்.

"வெள்ளிக்கெழமையே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் வராட்டி?"

சுபாஷிணி மேசையில் கிடந்த, கையெழுத்துப் போடாத படிவத்தைப் பார்த்தாள். ராஜகனி அவளைப் பார்த்தாள். கோபத்தைவிட, கணக்கு வாத்தியார் தப்புப் போட்டதைக் கண்டுபிடித்த பிள்ளையின் திகைப்புத்தான் அந்த முகத்தில் இருந்தது.

"அப்ப பூரணம் புருசன் மனு?"

"அதுவும் உள்ளதான் இருக்கு. எட்டும்."

"எட்டாவது எழுதும்போது அவ என்ன சொன்னா தெரியுமா? நமக்கு உதவலைனாலும் இன்னொருத்தருக்கு உதவட்டும்க்கா, எழுதுங்கனா." ராஜகனியின் குரல் உயரவில்லை. "அந்த சாரு முகவரிய மறைக்கணும்னு சொன்னாராமுல்ல. அவரு சொன்னபடி செஞ்சிருக்கலாம் மேடம். பூட்டுன கதவுனா பூட்டிருக்குனு தெரியும். தட்டுவோம், கத்துவோம், சுவரேறியாச்சும் குதிப்போம். நீங்க கதவத் தெறந்து வச்சு, வாங்க வாங்கனு சொல்லி, உள்ள கெணத்த வெட்டி வச்சிருக்கீக."

மூன்று வருடத்துக்கு முன்னால் இதையே ஒரு கேள்வியாகக் கேட்ட மனிதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டது சுபாஷிணிக்கு நினைவு வந்தது.

ராஜகனி பையிலிருந்து பலகைக் கணினியை எடுத்து மடியில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். தொழில் செய்யும்போது அவளுக்கு வேறு முகம் வந்துவிடும்.

"ஒங்க முழுப்பேரு என்ன?"

"சுபாஷிணி."

"தகப்பனார் பேரு?"

"ஞானதுரை."

"என்ன வேல?"

சொன்னாள். ராஜகனி கணினியின் அருகில் குனிந்து நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். "ஐயா, கும்பிடுகிறேன். இந்த மனு தங்கள் கைக்கு வந்த நேரம் தங்களுக்கும் நல்ல நேரமாக இருக்கட்டும். மாவட்டத் தகவல் பிரிவில் வேலை பார்க்கும் ஞானதுரை மகள் சுபாஷிணி என்பவர், ஏழை எளியவர்கள் கொடுத்த நாலாயிரத்துச் சொச்சம் மனுக்களை..."

"நாலாயிரத்து முன்னூத்திப் பதினாறு" என்றாள் சுபாஷிணி.

"...நாலாயிரத்து முன்னூற்றுப் பதினாறு மனுக்களை யாரும் படிக்காமல் தள்ளும்படி செய்துவிட்டார். அவர் மேல் தக்க நடவடிக்கை எடுத்து, மனுக்களை எடுத்துப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

வாசித்துக் காட்டினாள். "ஏதும் பொய் இருக்கா? இனி பொய் எழுதுறதில்லனு இருக்கேன்."

"இல்ல."

அனுப்பினாள். கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ராஜகனி திரையைத் திருப்பிக் காட்டினாள். தங்கள் மனு பெறப்பட்டது. பரிசீலனையில் உள்ளது.

"இது இப்ப எங்க இருக்கு?"

"குப்பையில."

"வெளிய எடுக்க ஒங்களால முடியும்?"

"என்னால மட்டுந்தான் முடியும்."

ராஜகனி எழுந்தாள். எடுங்கள் என்று சொல்லவில்லை. கும்பிடவும் இல்லை. கதவருகில் போய் நின்று, "வெளிய இருவது பேரு நிக்காக. இன்னைக்கு எழுத வேணாம்னு சொல்லிட்டு வந்தேன். எழுதவா?" என்று கேட்டாள்.

"எழுதுங்க அக்கா."

"கும்பிடு போடவா?"

"போடுங்க."

அவள் போன பிறகு சுபாஷிணி பழைய கட்டளையை நீக்கினாள். சல்லடைக்கு ரோஷம் கிடையாது. உடனே கேட்டது: 'ஒரே கை எழுதிய 4,317 மனுக்கள் உள்ளன. உள்ளே அனுப்பவா?' கடைசி மனுவில் அவளுடைய பெயர் இருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அனுப்ப ஒரு வழி இருந்தது. அதை அமைத்து வைத்தவளே அவள்தான். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். பிறகு அழுத்தினாள்.

மனுவின் மேல் பதினோரு நாளில் நடவடிக்கை வந்தது. சுபாஷிணிக்கு சஸ்பென்ஷன். சல்லடையை மாநிலத்துக்குக் கொண்டுபோவது நின்றது. பெருமாள்சாமியின் மறை முகவரிக் கோப்பைத் தூசி தட்டி எடுத்திருப்பதாகக் கேள்வி. மனு கொடுத்த அத்தனை பேருக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்ப முடிவு செய்தார்கள். அதையும் மின்னஞ்சலில்தான். சுபாஷிணி பட்டியலை வாங்கி, ஆட்சியரிடம் அனுமதி கேட்டு, வீடு வீடாகப் போய்த் தானே சொல்ல ஆரம்பித்தாள். சிலர் திட்டினார்கள். சிலர் மோர் கொடுத்தார்கள். திட்டியவர்கள் வீட்டில்தான் அவளுக்கு மூச்சு விட முடிந்தது.

நாலாவது வாரம், ஒரு விலக்கு ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். பக்கத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மனு எழுதணும்னா சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் கொட போட்டு உக்காந்திருக்குல்ல, அந்தக்காகிட்டப் போ. பதினோரே நாளு. ஒரு ஆபீசரு பொம்பளையவே வேலைய விட்டுத் தூக்கிருச்சாம். அப்பேர்ப்பட்ட கை."

"ராசி போயிருச்சுனு சொன்னாக?"

"ராசி எங்க போகும்? நானும் அவகிட்டத்தான் எழுதுனேன், எங்க வீட்டுக்காரருக்கு மூணு சக்கர வண்டிக்கு. எட்டுத் தடவ. அவ கையில குத்தமில்ல. இவருக்குத்தான் அதிர்ஷ்டமில்ல, போய்ச் சேந்துட்டாரு."

பஸ் வந்து நின்றது. மற்றவள் ஏறிப் போனாள். சுபாஷிணி ஏறவில்லை. பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் பக்கம் நகர்ந்தாள்.

"பூரணம் அக்காவா?"

"ஆமா. நீங்க யாரு தாயி?"

"அது அதிர்ஷ்டம் இல்ல அக்கா" என்று ஆரம்பித்தாள் சுபாஷிணி.